கண்டி வாவியில் உங்கட அக்கா ஏறிய படகு

தோட்டவெளி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மச்சான் றெனால்ட் அறிவது,

மடு மாதாவின் தயவில் நானும் மகள் ஜெனிற்றாவும் சுகம். உங்கட அக்கா லூசியா அளவுக்கு மிஞ்சின சுகம். கண்டி வாவிப் படகு வீடியோவை வீடு வீடாகக் காட்டுகிறா. போன் என் கைக்கு வருவதில்லை, ஆகையால் கடிதம்.

"முப்பத்திரண்டு வருஷமா மீன்பிடிகாரன்ர பெண்சாதி, ஒருநாளாவது படகில கால் வைச்சியோ?" என்று நறுவிலிக்குளத்திலிருந்து வந்து கிளப்பிவிட்டது நீங்கள்தானே? எங்கட படகில் பெண்கள் ஏறுவதில்லை. அது என் அப்பு போட்ட சட்டம். ஆனால் வாவியில் ஓடுவது அடுத்தவன் படகு, அங்கே அப்புவின் சட்டம் செல்லாது. எப்படியும் ஏற்றிக் காட்டுவதென்று சனிக்கிழமை விடிய பஸ் ஏறினோம். மாத்தளை தாண்டின வளைவுகளில் அக்கா மூன்று தரம் சத்தி எடுத்தா. "திரும்புவமோ?" என்றேன். "செத்தாலும் படகில ஏறிப்போட்டுத்தான்" என்றா.

ஏறினோம். கரையை விட்டுக் கொஞ்சத் தூரம் போகேல்லை, எஞ்சின் இருமிச்சுது, பின்பக்கம் பாரமும் கூட. நான் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பனோ? ஒரு வெள்ளைக்காரத் தம்பதியை எழுப்பி முன்னுக்கு இருத்தி, குருநாகல் வாத்தியார் ஒருவரை இடப்பக்கம் மாத்தி, பிறகு எஞ்சின் மூடியைக் கழட்டப் போனால் படகோட்டி கத்துறான். எனக்கு விளங்கின சிங்களத்தில பாதி ஏச்சு, மற்றப் பாதி "இறங்கு". திருப்பிக் கொண்டுவந்து என்னை மட்டும் கரையில விட்டான். ஜெனிற்றாவும் எழும்பினாள். உங்கட அக்கா அவளைப் பிடிச்சு இருத்திப்போட்டு, "நீங்கள் கரையில நில்லுங்கோ, நாங்கள் போட்டு வாறம்" எண்டா.

மச்சான், அரை மணித்தியாலம் நிண்டன். படகு அந்தச் சின்னத் தீவுக்குப் பின்னால மறைஞ்சிட்டுது. குளத்துத் தண்ணி, அலையுமில்லை, காத்துமில்லை, எண்டாலும் என்ர கண் அந்தத் தீவை விட்டு எடுபடேல்லை. உங்கட அக்கா முப்பத்திரண்டு வருஷமா இப்பிடித்தானே நிண்டிருப்பா எண்டு அப்பதான் உறைச்சுது. வெக்கமாப் போச்சு. வந்து இறங்கினவ, "பயந்திட்டியளோ?" எண்டு கேட்டா. "எனக்கென்ன பயம்" எண்டன்.

எது எப்படியோ, என் முடிவில் மாற்றமில்லை. எங்கட படகில் பெண்கள் ஏறுவதில்லை. அக்காவும் ஏறமாட்டா. இனி தயவுசெய்து அவவுக்குப் புத்தி சொல்ல வராதேயுங்கோ.

உங்கட வயலும் பிள்ளைகளும் செழிக்க மாதாவை மன்றாடும்,
அத்தான் பஸ்ரியன்

பி.கு: வெள்ளி விடிய கடல் சாதுவாக இருக்கும் போல. வியாழன் பின்னேரம் வரும்போது மன்னாரில் ஒரு லைஃப் ஜாக்கெட் வாங்கிக்கொண்டு வாங்கோ. சின்ன அளவு. எனக்கில்லை, எனக்கு இருக்கு.