ஏழிலேயே நுழையும் குரல்

என் அருமை மருமகளுக்கு,

மாமன் மனமார வாழ்த்தி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், தொண்டைகள் தவிர. இனி நான் சொல்லப்போவதை உலகத்தில் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்று சத்தியம் செய்கிறேன். நீயும் நம்ப வேண்டாம், படித்தால் போதும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவின் சேர்ந்திசை அரங்கேறுகிறது அல்லவா, அதற்கு நானூறு பாடகர்கள். ஒத்திகை நம் வீட்டுக் கூடத்தில்தான். இடம் பற்றாமல் கனத்த குரல்காரர்களை மாடிப்படியிலும் கீச்சுக் குரல்காரர்களை அலமாரி மேலும் நிறுத்தியிருக்கிறார். முதல் நாள் எல்லோரும் சேர்ந்து மூச்சை இழுத்ததில் ஜன்னல் திரைகள் கிழிந்து உள்ளே வந்தன. விட்டதில் எதிர்வீட்டுக் கொடியில் காய்ந்த துணியெல்லாம் அடுத்த தெருவுக்குக் குடிபோயிற்று. உன் அம்மா காதில் பஞ்சு வைத்துக்கொண்டு சமைக்கிறாள், பால் பொங்கினால் நான்தான் ஓடிப்போய்ச் சைகை காட்டுகிறேன். நானூறு பேர் இருந்தும் ஆள் பற்றாமல் என்னையும் கனத்த குரலில் சேர்த்தார் பார், அங்கேதான் என் பெருமை. “மாப்பிள்ளை, வாயை மட்டும் அசை. சத்தம் கித்தம் வந்துச்சு, தொலைச்சுப்புடுவேன்” என்று ஆசீர்வாதம் வேறு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் பாகத்தில் ஒரு நிசப்தம். எல்லோரும் மனசுக்குள் ஏழு வரை எண்ணி, எட்டில் ஒன்றாகப் பாட வேண்டும். உன் அப்பா எழுதிய இசைத்தாளிலோ ஒரே ஒரு கீச்சுக் குரல் மட்டும் ஏழிலேயே நுழைகிறது. குழுவைக் கோல் பிடித்து நடத்தும் அம்மாள், முறைத்தால் சுவர்க் கடிகாரம் நின்றுபோகும், அதை எழுத்துப்பிழை என்று பென்சிலால் எட்டுக்குத் தள்ளினார். உன் அப்பா அழித்து ஏழுக்கு இழுத்தார். அவர் தள்ள, இவர் இழுக்க, பதினேழு நாள் மகாயுத்தம். கூடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ரப்பர் தூள்.

“சார், எல்லாரும் சரியா நிக்கிறப்போ ஒரு பொண்ணு மட்டும் முந்திக்கிட்டா ஜனங்க சிரிப்பாங்க சார்.”

“சிரிக்கட்டும்மா.”

“என் மானம்தானே போகும்?”

“என்னோடது எப்பவோ போச்சு. ஏழுலதான் வரணும்.”

உன் அப்பா பாடகிகளை ஒவ்வொருத்தியாக ஏழில் பாடவைத்தார். பாடினார்கள், கச்சிதமாக. “ரொம்பச் சரியா இருக்கு, அதான் தப்பு. எண்ணிட்டு வராங்க. பொறுக்க முடியாம வரணும்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

நான் வாயசைப்பதை நிறுத்திவிட்டேன். உன் அப்பா நடத்திய அந்தப் பழைய கச்சேரி ஞாபகம் வந்துவிட்டது. உனக்கு அப்போது பதினோரு வயசு. முன்வரிசையில் நின்று, சந்தோஷம் தாங்காமல், எட்டில் பாட வேண்டியதை ஏழிலேயே பாடிவிட்டாய். சபை சிரித்தது. “எண்ணத் தெரியாதவ எதுக்கு மேடை ஏறணும்?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார் உன் அப்பா. இருபது வருஷமாகிறது. உன் பிள்ளையைக்கூடப் பாடாமல் கதை சொல்லித்தான் தூங்கவைக்கிறாயாம், உன் அம்மா சொன்னாள்.

“அத்தான், இதை அவகிட்டயே சொல்லிடலாமே?” என்றேன்.

“என்னன்னு சொல்றது? அந்த ரப்பரை எடு.”

சனிக்கிழமை கடைசி ஒத்திகை. அந்த இடத்துக்கு இன்னும் ஆள் இல்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம், நான் யார் சொல்ல? உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, பிள்ளைக்கு இரண்டு கன்னத்திலும் முத்தம். எதையும் எண்ணிக்கொண்டிராமல் நீ நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
சத்தம் மறுக்கப்பட்ட உன் மாமன்

பி.கு.: உன் அம்மா இதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். உண்மையை எழுதினால்தான் தபால்தலை தருவாளாம். சரி. பாடகர்கள் முப்பத்தாறு பேர், என்னையும் சேர்த்து. திரைகள் பத்திரம். கோல் பிடிக்கும் அம்மாள் தங்கமானவர், ஒரே ஒரு தடவைதான் திருத்தினார். உன் அப்பா இதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. இந்த ஒத்திகைப் பேச்செல்லாம் என் கைவரிசை. உண்மை ஒரு சின்ன இடம்தான்: அந்த ஒற்றைக் குரல். அவரே எட்டில் எழுதி, அழித்து, ஏழில் எழுதி, அழித்து, காகிதம் ஓட்டையாகி, பின்பக்கம் துண்டு ஒட்டி, மறுபடி ஏழிலேயே எழுதியிருக்கிறார். தாளைத் திருடி இந்த உறையில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைக்குள் அது இங்கே திரும்பியாக வேண்டும். தபாலில் போடாதே, தொலைந்துவிடும்.