எலிகள் பயப்பட மறுத்த நாள்

இருபத்து மூன்று வயதில் நான் என்னை ஒரு விஞ்ஞானி என்று நம்பிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. இனிமேல் சொல்லப்போவதுதான் வெட்கக்கேடு.

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் எம்.ஃபார்ம். படித்தேன், மருந்தியல் பிரிவு. மயிலாப்பூரில் மாட வீதியை ஒட்டிய சந்தில் அப்பாவுக்கு மளிகைக் கடை, மாடியில் வீடு. "எலிக்கு மருந்து குடுத்துப் பாப்போம்ப்பா" என்று என் படிப்பை விளக்கியபோது அப்பா தராசிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஏட்டி, அதுக்கு எதுக்கு ரெண்டு வருசம்? நம்ம கடையிலயே பாக்கெட்டு இருக்கே" என்றார். (நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். 'ஏட்டி' என்பது பாசம்தான். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களுக்கு இது புரியவே பல வருஷம் ஆயிற்று.)

மனப் பதற்றம் தணிய ஜனங்கள் காலகாலமாகக் கஷாயம் வைத்துக் குடிக்கும் ஒரு மூலிகைதான் என் ஆராய்ச்சி. அது நிஜமாகவே தணிக்கிறதா என்று எலியிடம் கேட்க வேண்டும். அதற்குக் கூட்டல் குறி வடிவத்தில், இடுப்பு உயரத்தில் ஒரு பலகை உண்டு. அதன் இரண்டு கைகளுக்குச் சுவர் இருக்கும், மற்ற இரண்டும் திறந்தவெளி. பயந்த எலி சுவருக்குள் பதுங்கும். பயம் தெளிந்த எலி திறந்தவெளிக்கு வந்து காற்று வாங்கும். நான் ஸ்டாப்வாட்சோடு உட்கார்ந்து குறித்துக்கொள்வேன்.

முதலில் மருந்து கொடுக்காத எலிகளை விட்டுப் பார்த்தேன். சுமாராக உலாவின. அப்புறம் ஐப்பசி மழை வந்து எல்லாம் நின்றுபோனது. மழை விட்டபின் மருந்து கொடுத்த எலிகளை விட்டேன். அத்தனையும் மூலையில் போய் ஒட்டிக்கொண்டன. மருந்தைக் குறைத்தாலும் கூட்டினாலும் அதே கதைதான். (ஒன்று என்னைக் கண்டதும் கூண்டிலேயே அசையாமல் நின்றது. அதை நான் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.)

அதாவது, ஊரே மன அமைதிக்காகக் குடிக்கும் கஷாயம் பயத்தைக் கிளப்புகிறது. இதைப் பெருமையோடு எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். என் வழிகாட்டி மேடமும், "இதுவரைக்கும் யாருமே இப்படிச் சொன்னதில்லைம்மா" என்று மகிழ்ந்துபோனார். யாரும் சொல்லாததற்கு ஏதாவது காரணம் இருக்குமோ என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

வீட்டில் அம்மாவோடு ஒரு ஒப்பந்தம் இருந்தது. வாய்மொழித் தேர்வில் தேறினால் நான் வேலைக்குப் போகலாம். தேறாவிட்டால் படித்தது போதும், கல்யாணம். நான் ஏற்கெனவே வேலைக்குப் போய்விட்டவளைப் போலத்தான் நடந்துகொண்டிருந்தேன். தேர்வுக்கென்று ரங்கநாதன் தெருவுக்குப் போய் ஒரு புது வெள்ளைக் கோட்டும் எடுத்தேன். "டாக்டர் கோட்டா மேடம்? ரெண்டா எடுத்துக்கினு போ, விலை கொறச்சுத் தரேன்" என்றான் கடைக்காரன். டாக்டர் என்றதைத் திருத்த மனம் வரவில்லை.

தேர்வாளர் வெளியூர்க்காரர். ஒல்லியான மனிதர், பேச்சும் சிக்கனம். ஆய்வேட்டைப் புரட்டினார்.

"மருந்து குடுக்காத எலியை மழைக்கு முன்னாடி பாத்திருக்கீங்க. குடுத்த எலியை மழைக்கு அப்புறம் பாத்திருக்கீங்க. ஏன்?"

"மழை பெஞ்சுது சார்."

"சரி. ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

மருந்தைக் கொடுத்து, அது வேலை செய்ய நேரம் விட்டு, எலியைப் பலகையின் நடுவில் வைத்தேன். துறையே சுற்றி நின்றது. எலி நேராகத் திறந்தவெளிக்குப் போய், விளிம்பில் உட்கார்ந்து முகம் கழுவிக்கொண்டது. அடுத்தது தலையைத் தொங்கப்போட்டுத் தரையை வேடிக்கை பார்த்தது. மூன்றாவது அங்கேயே நிதானமாகப் புழுக்கை போட்டது.

"இதுதான் பயமா?" என்று கேட்டார் தேர்வாளர். அந்த அறையில் பயந்துபோயிருந்த ஒரே பிராணி நான்தான்.

"இன்னிக்கு மட்டும் என்ன வித்தியாசம்?"

"ஒண்ணும் இல்ல சார். கோட்டுதான் புதுசு."

"பழசைக் கொண்டு வாங்க."

அலமாரியிலிருந்து எடுத்து வந்து பலகையோரம் பிடித்தேன். காற்று வாங்கிக்கொண்டிருந்த எலி ஒரே பாய்ச்சலில் சுவருக்குள் போய் மூலையில் ஒட்டிக்கொண்டது. அவர் கோட்டை வாங்கி, காலரிலிருந்து செம்பட்டையாக ஒரு முடியை உருவி வெளிச்சத்தில் பார்த்தார்.

"வீட்ல பூனை இருக்கா?"

இருந்தது. மழையில் கடைக்குள் எலி புகுந்துவிட்டதென்று அப்பா கொண்டுவந்த பூனை. பகலெல்லாம் கல்லாப்பெட்டி மேல் உட்கார்ந்திருக்கும். ராத்திரியில், துவைத்து மடித்துச் சர்க்கரை மூட்டை மேல் நான் வைக்கும் கோட்டின் மேல் படுத்துக்கொள்ளும். (இது எனக்குத் தெரியும். குளிருக்குப் படுத்திருக்கிறது, பாவம் என்று விட்டுவிட்டேன். எலி பயப்படப் பூனை வாசனையே போதும் என்பது பாடத்திலேயே இருந்தது. அதில் நல்ல மார்க்கும் வாங்கியிருந்தேன்.)

"இருக்கு சார்."

"பேரு?" இதை எதற்குக் கேட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கணக்குப்பிள்ளை, சார்."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"இத்தனை நாளா நீங்க ஆராய்ச்சி பண்ணினது கணக்குப்பிள்ளையைத்தாம்மா. கஷாயத்தை இனிமேதான் ஆரம்பிக்கணும். ஆறு மாசம் எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு அவர் சாப்பிடப் போய்விட்டார்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துவரம்பருப்பைக் கட்டிக்கொண்டே கேட்டார்.

"அப்போ நம்ம பூனை இங்கயே படுத்துக்கிட்டு அடையாறு எலியெல்லாம் வெரட்டியிருக்கு?"

"ஆமாப்பா."

"நேர்ல போகாமலே?"

"ஆமாப்பா."

அன்றைக்குக் கணக்குப்பிள்ளைக்கு நெத்திலி வாங்கி வந்தார். எனக்கு ரசம் சாதம்.

அம்மா ஒப்பந்தத்தை மறக்கவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையே தி.நகர் பாத்திரக் கடை வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளை மூலை நாற்காலியில் போய் உட்கார்ந்தவர், வாயைத் திறக்கவில்லை, கேசரியைத் தொடவில்லை, அசையக்கூட இல்லை. அப்பா என் பக்கம் சாய்ந்து ரகசியமாகக் கேட்டார். (முப்பது வருஷம் கடையில் கூவிய தொண்டைக்கு ரகசியம் வராது.)

"ஏட்டி, இந்தப் பொடவையையும் சர்க்கரை மூட்டை மேலயா வச்சிருந்தே?"

அதற்கப்புறம், வந்திருந்தவர்களுக்கு முழுக் கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. மானம் போயிற்று. முதலில் சிரித்தது மூலையில் இருந்தவர்தான். கிளம்பும்போது, "ஆறு மாசம் முடிக்கட்டும், வேலைக்கும் போகட்டும், எனக்கு அவசரமில்லை" என்று அம்மாவிடமே சொன்னார்.

ஆறு மாதம் என் கோட்டை வீட்டுக்குக் கொண்டுபோகாமல், கல்லூரியிலேயே பூட்டிவைத்து எல்லாவற்றையும் திரும்பச் செய்தேன். அந்த மூலிகை பயத்தைக் கிளப்பவும் இல்லை, தணிக்கவும் இல்லை. எலிகளுக்கு அது வெறும் கசப்பு. அப்படியே எழுதிக் கொடுத்தேன், பட்டம் கொடுத்துவிட்டார்கள். வேலையும் கிடைத்தது. அவரும் சொன்னபடி காத்திருந்து கட்டிக்கொண்டார். இன்றைக்கும் எங்களுக்குள் சண்டை வந்து அவர் பேசாமல் மூலையில் போய் உட்கார்ந்துகொண்டால், என் மகள் வந்து என் தோளை முகர்ந்து பார்க்கிறாள்.