வேன் போன பிறகு பத்து நிமிஷம்

பிள்ளை பெற்றவர்களில், டீயைச் சூடாகவே குடித்து முடித்த ஒரே ஒரு பெண்மணியை நான் பார்த்திருக்கிறேன். மற்றவர்களெல்லாம் என்னைப் போலத்தான். காலை ஏழு மணிக்குப் போட்ட டீயைப் பதினோரு மணிக்கு வாஷிங் மெஷின் மேல் பாலாடை படிந்த நிலையில் கண்டெடுத்து, மருந்து மாதிரி ஒரே மடக்கில் விழுங்கிவிட்டு, அந்த டம்ளரையும் சேர்த்துத் துலக்கப் போகிறவர்கள். அவள் மட்டும் டீயை ஊதி ஊதிக் குடிப்பாள். பக்கத்தில் இடி விழுந்தாலும் டம்ளர் காலியாகும்வரை திரும்பிப் பார்க்க மாட்டாள்.

ஊரில் அவளுக்குப் பெயர் பத்து நிமிஷம். ரேஷன் கடை வரிசையில்கூட, "பத்து நிமிசம் வந்துட்டுது, தள்ளி நில்லுங்க" என்பார்கள். அவளும் கோபித்துக்கொள்ளாமல், ஏதோ பட்டம் வாங்கியவள் போல நிமிர்ந்து வருவாள்.

உத்திரமேரூரிலிருந்து பெருநகர் போகிற பஸ்ஸில் பாதி வழியில் இறங்கினால் எங்கள் ஊர். எங்கள் ஊர் என்பது கல்யாணம் தந்த உரிமை. நான் திருச்சிக்காரி. கணவருக்கு வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் வேலை. காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் ராத்திரிதான் வருவார். வந்த புதிதில் எனக்குப் பேச்சுத் துணை என்று இருந்தது மாமியாரும் மிக்ஸியும். இரண்டும் சத்தம் போடும், நான் சொல்வதைக் கேட்காது. தெருவில் யாரிடமாவது வாயைத் திறந்தால் என் திருச்சிப் பேச்சைக் கேட்டுச் சிரித்தார்கள். நானும் கொஞ்சம் கொஞ்சமாக வாயை மூடிக்கொண்டேன்.

மகளை எல்.கே.ஜி.யில் சேர்த்தோம். தெரு ரோடு குண்டும் குழியுமாகக் கிடந்ததால் பள்ளிக்கூட வேன் உள்ளே வராது. மெயின் ரோட்டில் வாய்க்கால் பாலத்தருகே எட்டு பத்துக்கு நிற்கும். முதல் நாள் மகளை ஏற்றிவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே போனாள், நான்தான் அழுதேன். முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வீட்டுப் பக்கம் திரும்பினேன்.

"நில்லு" என்று ஒரு குரல்.

பாலத்துக் கட்டையில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். பக்கத்தில் ஒயர் கூடை, அதில் பிளாஸ்க். அவள் மகன் சரவணனும் அதே வேனில்தான் யு.கே.ஜி. போகிறான்.

"எங்க ஓடற?"

"வீட்டுல வேலை கிடக்குதுக்கா."

"வேலை எங்கியும் பூடாது. குந்து. பத்து நிமிசம்."

உட்கார்ந்தேன். அந்தக் குரலுக்குப் போலீஸ்காரரே உட்கார்ந்துவிடுவார்.

"வேன் எட்டு பத்துக்குப் பூடுதா? எங்க வூட்ல எட்டு இருவதுன்னு சொல்லி வச்சிக்கீறேன். நடுவுல கீற பத்து நிமிசம் நம்பளுது. ஆம்பளைங்களுக்கு டீக்கடை கீது. நமக்கு இன்னா கீது?"

நான் யோசிப்பதற்குள் கையில் டம்ளர் வந்துவிட்டது.

அந்தப் பத்து நிமிஷத்துக்குச் சட்டதிட்டங்கள் உண்டு. முதலில் செல்போன்கள் அவள் ஒயர் கூடைக்குள் போய்விடும். டீ முடியும்வரை யாரும் வாயைத் திறக்கக் கூடாது. எதையாவது ஒன்றைப் பார்க்க வேண்டும், ஒழுங்காகப் பார்க்க வேண்டும். டீ முடிந்ததும் ஒவ்வொருத்தியும் அன்று காலை தான் பார்த்த ஒன்றைச் சொல்ல வேண்டும். புருஷன், மாமியார், தக்காளி விலை மூன்றும் கணக்கில் சேராது.

எங்களைத் தவிர இன்னும் இரண்டு பேர் உண்டு. தெருக்கோடியில் ஜாக்கெட் தைக்கும் பிரேமா, எந்நேரமும் வாயில் நூலோடு இருப்பவள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் காலனியிலிருந்து வரும் ஸ்டெல்லா, பிள்ளையை ஏற்றிவிட்டு அப்படியே நூறு நாள் வேலைக்கோ நடவுக்கோ போகிறவள். நான்கு பேருக்கும் ஒரே மாதிரி நான்கு எவர்சில்வர் டம்ளர். யாருக்கு எது என்று கிடையாது. அந்த ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குப் புரிய ஒரு வருஷம் ஆனது.

முதல் வாரம் முழுக்க என் முறை வரும்போது "ஒண்ணும் பாக்கலக்கா" என்றேன்.

"காலீலேர்ந்து கண்ணைத் தொறந்துக்கினுதான கீற?"

"ஆமா."

"அப்பால ஒண்ணும் பாக்கலன்னா எப்டி? ஸ்டெல்லா, நீ சொல்லு."

"வரப்புல நண்டு வளை கீது. ராத்திரி மயைக்கு இடிஞ்சிருந்துச்சு. காலீல வந்து பாத்தா புதுசா மண்ணைத் தள்ளிக்கினு கீது" என்றாள் ஸ்டெல்லா.

பத்து நிமிஷம் அதை லாட்டரி விழுந்த செய்தி போலக் கேட்டாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. அடுத்த நாள் மகளுக்குத் தலை பின்னும்போது ஜன்னல் வெயில் அவள் காது மடலில் பட்டு, காது முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. அத்தனை நாளும் அதே ஜன்னலில் அதே தலையைத்தான் பின்னியிருக்கிறேன். பார்த்ததே இல்லை. அதைச் சொன்னபோது பிரேமா வாயிலிருந்த நூலை எடுத்துவிட்டு, "நாளைக்கு நானும் எங்க பாப்பா காதைப் பாக்கறேன்" என்றாள்.

இந்தப் பார்க்கிற வேலையால் ஒருநாள் ஊரே கூடிவிட்டது. கதிர் பிடிக்கிற சமயம். நாங்கள் நால்வரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு வயலையே பார்த்துக்கொண்டிருந்தோம். டி.வி.எஸ். வண்டியில் போன ஒருவர் நிறுத்தினார்.

"இன்னாம்மா, பாம்பா?"

டீ முடியவில்லை. யாரும் பதில் சொல்லவில்லை. அவர் இறங்கி வந்து அவரும் பார்த்தார். பின்னால் வந்தவர் அவரைப் பார்த்து நின்றார். பெருநகர் பஸ் வேகம் குறைந்தது, கண்டக்டர் படியில் தொங்கியபடி எட்டிப் பார்த்தார். ஐந்து நிமிஷத்தில் பதினைந்து பேர் நெல் வயலைக் கண் கொட்டாமல் பார்த்தார்கள். ஒருவர் கழி எடுத்து வந்துவிட்டார். பத்து நிமிஷம் கடைசிச் சொட்டு வரை குடித்து, டம்ளரைக் கவிழ்த்துவிட்டுச் சொன்னாள்: "கதிரு புடிச்சிக்கீது. அத்தத்தான் பாத்தோம்."

கழிக்காரர் அந்த வயலின் சொந்தக்காரர். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒருமுறை வயலைப் பார்த்துவிட்டு, "ஆமா, நல்லாத்தான் புடிச்சிக்கீது" என்று சொல்லிக் கழியைத் தோளில் வைத்துக்கொண்டு போனார்.

என் மாமியாருக்குத்தான் இது பொறுக்கவில்லை. "வேன் அப்பவே பூடுச்சே, இம்மா நேரம் இன்னா பண்ணிக்கினு கீற?" என்று தினம் கேட்டவர், ஒருநாள் துப்பறிய நேரிலேயே வந்துவிட்டார். பத்து நிமிஷம் அசரவில்லை. "வா பெரிம்மா, குந்து" என்று தன் டம்ளரையே கொடுத்தாள். மாமியார் வாயை மூடிக்கொண்டு டீ குடித்ததை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். முறை வந்தது.

"காலீல இன்னா பாத்த பெரிம்மா?"

மாமியார் யோசித்தார். "நான் அரைச்சு வச்ச சட்டினிய என் மருமவ நாய்க்கு ஊத்தினதைப் பாத்தேன்."

சட்டப்படி மருமகள் கணக்கில் சேரலாம் என்று பத்து நிமிஷம் தீர்ப்புச் சொன்னாள்.

கார்த்திகை மாதம் ஒருநாள் நல்ல மழை. மற்ற இருவரும் பிள்ளைகளை வேனில் ஏற்றிவிட்டு ஓடிவிட்டார்கள். அவளும் நானும் மட்டும் ஒரே குடையில் நின்றோம். எனக்கு என்னவோ போலிருந்தது, சொல்லிவிட்டேன்.

"அக்கா, இந்தப் பத்து நிமிஷம் தவிர நாள் முழுக்க நான் யார்கிட்டயும் பேசறதில்ல. சில நாள் என் குரலே எனக்கு மறந்துபோகுது. ஞாயித்துக்கிழமை வந்தா பயமா இருக்கு."

அவள் குடையை என் பக்கம் சாய்த்துவிட்டு, இன்னும் அரை டம்ளர் ஊற்றினாள்.

பங்குனியில் எங்கள் தெருவுக்குச் சிமெண்ட் ரோடு வந்தது. ஊருக்குச் சந்தோஷம். வேன் டிரைவருக்கு அதைவிடச் சந்தோஷம். "வர்ற ஜூன்லேர்ந்து தெருவுக்குள்ளயே வந்து வூட்டு வாசல்ல ஏத்திக்கறேன். நீங்க யாரும் இங்க வந்து நிக்க வாணாம்" என்று, தாலி பாக்கியம் தருகிறவர் போல அறிவித்தார். காலனிக்கு ரோடு போடவில்லை. "நான் இங்கியேதான் நிக்கணும்" என்றாள் ஸ்டெல்லா, வேறு எங்கோ பார்த்துக்கொண்டு. என் மாமியார் அன்று கேசரி கிளறினார். என் பங்கை மகளுக்கே கொடுத்துவிட்டேன். வாசலில் வேன் வந்தால் பாலத்துக்கு வர எனக்கு என்ன காரணம் இருக்கிறது? ஜூன் மாதத்திலிருந்து பழையபடி மாமியாரும் மிக்ஸியும்தான்.

"அக்கா, என்ன பண்றது?"

"பாப்போம்" என்றாள் பத்து நிமிஷம். அவ்வளவுதான்.

கோடை விடுமுறையில் ஒருநாள் ஒரு டிராக்டர் மணல், தெரு முனையில், வேன் திரும்ப வேண்டிய சரியான இடத்தில் கொட்டிக் கிடந்தது. சைக்கிள் போகலாம், பைக் போகலாம், வேன் மட்டும் திரும்பாது. அளந்து கொட்டியது மாதிரி இருந்தது. பஞ்சாயத்திலிருந்து வந்து கேட்டார்கள்.

"மாடி கட்டப்போறேன்" என்றாள் பத்து நிமிஷம்.

"உன் வூடு ஆஸ்பெஸ்டாஸ் கூரையாச்சே. அதும்மேல மாடியா?"

"இன்னிக்கேவா கட்டப்போறேன்?"

கேட்டவர் மணலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் எங்கள் ஊரில் தெருவில் கிடக்கிற மணல் பொதுச்சொத்து. வாசல் உடைந்தவர் ஒரு சட்டி, தொட்டி ஒழுகினவர் ஒரு பக்கெட் என்று அள்ளியதில் நான்கு நாளில் மேடு பாதியானது. கோழிக் கூண்டு பூச என் மாமியாரே இரண்டு அன்னக்கூடை கொண்டுவந்துவிட்டார். இப்படியே போனால் ஜூனுக்குள் வேன் திரும்பிவிடும். பத்து நிமிஷம் யோசித்தாள். இன்னும் ஒரு டிராக்டர் கொட்டி, உச்சியில் ஒரு வேப்பிலைக் கொத்தைச் செருகி, ஒரு சிட்டிகை மஞ்சளும் தூவிவிட்டாள்.

மணல் திருட்டு அன்றே நின்றது. மூன்றாம் நாள் மேட்டின் மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. வெள்ளிக்கிழமை கண்ணாடி வளையல் வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை யாரோ கற்பூரம் ஏற்றியிருந்தார்கள். என் மாமியார் கோழிக் கூண்டை இடித்து, காய்ந்த பூச்சைக் கட்டி கட்டியாகத் திருப்பிக் கொண்டுவந்து போட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பத்து நிமிஷம் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முகம் வெளுத்திருந்தது.

"மண்ணு திருடு போவக்கூடாதுன்னு சொருவினேன்டி. இன்னாடி இப்டி ஆயிடுச்சு?"

"பிடுங்கிடுங்கக்கா."

"நீ புடுங்கு பாக்கலாம்."

நான் இரண்டடி பின்னால் போனேன். ஸ்டெல்லாவைக் கேட்டோம். "நான் வேதக்காரி. ஆனா நானும் மாட்டேன்" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகும்போது, செருகியவளே செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

பள்ளி திறந்த நாள். வேன் தெரு முனை வரை வந்தது. டிரைவர் இறங்கினார், மேட்டைப் பார்த்தார், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக் கும்பிட்டார். பிறகு ரிவர்ஸ் எடுத்துப் போய்ப் பழையபடி பாலத்தருகே நின்றார். நான் மகளை இழுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகப் போனேன். பிரேமா வந்தாள், ஸ்டெல்லா இருந்தாள். கட்டையில் பத்து நிமிஷம் பிளாஸ்க்கோடு உட்கார்ந்திருந்தாள். வேன் போய்விட்டது. அவள் பையனை ஏற்றவே இல்லை.

"சரவணன் எங்கக்கா?"

"நம்பூர் கவர்மெண்ட் ஸ்கூல்ல ஒண்ணாங்கிளாஸ் சேத்துட்டேன். வூட்டுக்கு எதுர்லயே கீதே. அவனே நடந்து பூட்டான்."

"எப்ப முடிவு பண்ணீங்க?"

"பங்குனியிலியே."

மணல் வந்தது அதற்கு இரண்டு மாதம் கழித்து. வேன் தெருவுக்குள் வந்தால் என்ன, வராவிட்டால் என்ன, அவளுக்கு அதில் ஒன்றுமே இல்லை.

"அப்புறம் எதுக்கு மணலைக் கொட்டினீங்க?"

அவள் என் டம்ளரைச் சுட்டிக்காட்டினாள். டீ முடியும்வரை பேசக் கூடாதே. நாக்கு வெந்தாலும் பரவாயில்லை என்று ஒரே மடக்கில் குடித்துவிட்டு நிமிர்ந்தேன். அவள் நிதானமாக ஊதிக் குடித்து முடித்தாள்.

"நீ அன்னிக்கு மயைல சொன்னியே, கொரலே மறந்து பூடுதுன்னு. அத்தக் கேட்டுக்கினு நான் எப்டி சும்மா கீறது?"

காலி டம்ளரை அவளிடம் நீட்டினேன். அவள் இன்னும் அரை டம்ளர் ஊற்றினாள். வேனில் ஏற்ற யாரும் இல்லாமலேயே, அடுத்த இரண்டு வருஷமும் ஒரு நாள் தவறாமல் எட்டு பத்துக்கு வந்தாள்.

இப்போது நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். நான் வீட்டுக்கு ஒரே பிள்ளை. ஆனாலும் புதிதாகப் பழகுகிறவர்கள் யாராவது, "உங்களுக்குக் கூடப்பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டால், உத்திரமேரூர் பக்கம் ஒரு அக்கா இருக்கிறாள் என்றுதான் என் வாயில் வருகிறது.