மலைக்குரலுக்கு இருமல்

"பைப்புல மூணு நாளா வெள்ளம் வரல" என்றாள் சாந்தம்மாள், போனைக் காதில் வைத்துக்கொண்டு.

"மிக்க மகிழ்ச்சி. உங்கள் பகுதியில் வெள்ளம் வராததற்கு வாழ்த்துகள்" என்றது மிஷின்.

சாந்தம்மாள் போனை ஒரு தடவை பார்த்தாள். ஏலப்பாறைப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட்டில் இருபத்தெட்டு வருஷம் கொழுந்து கிள்ளி ரிட்டயர் ஆனவள். இப்போது இந்த ஆராய்ச்சி மையத்தைக் கூட்டிப் பெருக்குகிறாள்.

"குடிக்கத் தண்ணி இல்லைன்னு சொன்னா சந்தோசப்படுதே தம்பி. மேனேஜர் குரலை ஏத்தி வச்சிருக்கீகளா?"

ஈஸ்வரனுக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்பது. பதினொன்றுக்கு நிதிக்குழு வருகிறது.

மிஷினின் பெயர் மலைக்குரல். தோட்டத் தொழிலாளிகள் போன் பண்ணிக் குறையைச் சொன்னால் அது புரிந்துகொண்டு புகாராகப் பதிய வேண்டும். மூன்று வருஷமாகப் புரிந்துகொண்டுதான் வருகிறது, தப்பாக. அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தது சென்னைச் செய்தி வாசிப்பாளர்களின் பழைய ஒலிப்பதிவுகளை வைத்து. அவைதான் இலவசமாகக் கிடைத்தன. மலையாளம் கலந்த எஸ்டேட் பேச்சில் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர் என்று எந்தச் செய்தி வாசிப்பாளருக்குத் தெரியும்?

மையத்தின் இயக்குநர் ராஜசேகருக்கு இதிலெல்லாம் கவலை கிடையாது. அவர் 'பேச்சுத் தொழில்நுட்பம்: அடுத்த பத்தாண்டுக்கான முன்னுரிமைகள்' என்று எண்பத்து நான்கு பக்கத்துக்கு வழுவழுப்பான தாளில் புத்தகம் போட்டிருந்தார். அதில் 'தொழிலாளி' என்ற சொல் ஒரே இடத்தில் வந்தது, ஒரு போட்டோவுக்குக் கீழே.

ஈஸ்வரனின் கவலை வேறு. அவன் லயத்தில், தோட்டத் தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்து வளர்ந்தவன். அந்தப் பேச்சு தெரியும் என்றுதான் ஒப்பந்தத்தில் வேலை கொடுத்தார்கள். சித்ராவைப் பெண் கேட்டபோது மாப்பிள்ளை சயின்டிஸ்ட் என்று சொல்லியிருந்தது. கல்யாணம் தை மாதம். வேலை இந்த மாதக் கடைசி வரைக்கும்தான். குழு அடுத்த ஐந்து வருஷத்துக்கு நிதி கொடுத்தால் சயின்டிஸ்ட், இல்லாவிட்டால் பேக்டரியில் அப்பாவோடு கொழுந்து உலர்த்த வேண்டியது.

அவன் கம்ப்யூட்டரில் 'வெள்ளம் என்றால் தண்ணீர்' என்று ஏற்றினான். "வேற ஏதாவது சொல்லுங்கக்கா."

"லயத்துல ஓடு உடைஞ்சு ஒழுகுது."

"ஓடுவது உடலுக்கு நல்லது. ஓடிய பின் நிறையத் தண்ணீர் குடிக்கவும்."

"அதான் வரலைன்னு முதல்லயே சொன்னேன்" என்றாள் சாந்தம்மாள்.

'ஓடு என்றால் கூரை' என்றும் ஏற்றினான். அதன்பிறகு மிஷின் எல்லாவற்றையும் கூரையாகவே கேட்டது. வணக்கம் சொன்னால் "உங்கள் கூரை பதிவு செய்யப்பட்டது" என்றது. பத்தரை மணிக்கு, ஏற்றியதையெல்லாம் அழித்துப் பார்த்தான். மிஷின் ஒரேயடியாக வாயை மூடிக்கொண்டது. இந்த மூன்று வருஷத்தில் அது உருப்படியாகச் செய்த காரியம் அதுதான்.

ராஜசேகர் எட்டிப் பார்த்தார். "என்னப்பா, தயாரா? புரிதல் தொண்ணூத்தாறு சதவீதம்னு எழுதிக் கொடுத்திருக்கேன்."

"எதை வச்சு சார் அளந்தீங்க?"

"அளக்கல. அது இலக்கு."

"மிஷின் பேசவே மாட்டேங்குது சார்."

ராஜசேகர் முகம் வெளுத்தது. பிறகு இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சாந்தம்மாளைப் பார்த்தார்கள்.

"எதுக்குப் பாக்கீக? நான் இன்னும் மாடிப்படி கூட்டலை" என்றாள் அவள்.

பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மலைக்குரலின் போனோடு அவளை ஸ்டோர் ரூமில் உட்கார வைத்தார்கள். துடைப்பம், உடைந்த நாற்காலி, விற்காத முன்னுரிமைப் புத்தகக் கட்டுகள், நடுவில் சாந்தம்மாள்.

"அக்கா, நீங்கதான் மிஷின். இழுத்து இழுத்துப் பேசணும். யாரு மகன், எந்த ஊரு, சாப்பிட்டியான்னு விசாரிக்கக் கூடாது. கடைசில 'பதிவு செய்யப்பட்டது'ன்னு சொல்லணும்."

"பதிஞ்சுட்டு என்ன செய்யணும்?"

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

"அது எனக்குத் தெரியும். நானும் நாப்பது புகார் குடுத்திருக்கேன்."

குழுவில் மூன்று பேர். இரண்டு பேர் வந்ததும் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜித் தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடமையைத் தொடங்கிவிட்டார்கள். தலைவர் டாக்டர் டிஜோ, கொச்சிக்காரர், லேப்டாப்பைத் திறந்தார்.

"மிஷினை மனுஷன் சோதிச்சா பட்சபாதம் வரும். அதுகொண்டு நாங்க போன தவணை நிதியில ஒரு மிஷின் உண்டாக்கியிருக்கோம். பேரு பரிசோதகன். தொழிலாளி மாதிரி தன்னால பேசும். உங்க மலைக்குரலை அதுதான் கூப்பிடும்."

ராஜசேகர் பரவசமாகத் தலையாட்டினார். மிஷினைச் சோதிக்க மிஷின் வேண்டும் என்பது அவர் புத்தகத்திலும் ஐம்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்தது. ஈஸ்வரனுக்கு மட்டும் ஒரு சந்தேகம். மிஷினை மனுஷி ஏமாற்ற முடியுமா?

டிஜோ பட்டனைத் தட்டினார். ஸ்டோர் ரூமில் மணி அடித்தது. ராஜசேகர் சத்தமாக இருமி அதை மறைத்தார்.

"பைப்புல... வெள்ளம்... வரல" என்றது பரிசோதகன், லேப்டாப் வழியாகக் கரகரவென்று.

"எத்தனை... நாளா?" என்றது மலைக்குரல்.

"மூணு... நாளா."

"எந்த... லயம்?"

"ஏழாம்... நம்பர்."

"பதிவு... செய்யப்பட்டது."

டிஜோவின் புருவம் உயர்ந்தது. "கொள்ளாமே, நல்லாருக்கே. திரும்பக் கேள்வி கேக்குதே."

"அது எங்க மூன்றாவது முன்னுரிமை" என்றார் ராஜசேகர், கூசாமல்.

பரிசோதகன் ஓடு உடைந்ததைச் சொன்னது. பதில் சொல்வதற்குள் ஸ்டோர் ரூம் தூசி தன் வேலையைக் காட்டியது. மலைக்குரல் கடகடவென்று இருமியது. பழம்பொரிக்காரர்களில் ஒருவர் நிமிர்ந்தார்.

"இருமுது?"

"இயல்பான குரலுக்காகச் சேர்த்தது சார்" என்றான் ஈஸ்வரன். தன் வாயா இது என்று அவனுக்கே வெட்கமாக இருந்தது. "இங்க பனி ஜாஸ்தி."

அவர் எண்ணெய்க் கையோடு 'இருமல்: மேலும் நிதி தேவை' என்று எழுதிக்கொண்டார்.

"ஒழுகுற இடத்துல... சட்டியை வை. சாப்பிட்டியா?" என்றது மலைக்குரல்.

ஈஸ்வரன் ஸ்டோர் ரூம் கதவை முறைத்தான். சொல்லிச் சொல்லி அனுப்பியும் கேட்டுவிட்டாளே. வாயைத் திறந்தால் இவர்களுக்கு அதுதானே முதலில் வருகிறது.

லேப்டாப் வழியாக மெல்ல, கரகரப்பு இல்லாமல், "இன்னும் இல்லை" என்றது பரிசோதகன்.

"ஏன்?"

"விட மாட்டேங்காக—"

டிஜோ லேப்டாப்பைப் படாரென்று மூடினார். நெற்றியெல்லாம் வேர்வை. ஏலப்பாறைக் குளிரில் ஒரு மனிதனுக்கு அப்படி வேர்த்து ஈஸ்வரன் பார்த்ததில்லை. பிடித்துவிட்டார், தீர்ந்தது, சித்ரா வீட்டில் என்ன சொல்வது என்று அவன் யோசிக்க ஆரம்பித்தான்.

"மதி, போதும்" என்றார் டிஜோ. "பாஸ்."

"சர்வர் ரூமைப் பார்க்கணும்னா..." என்று ராஜசேகர் இழுத்தார்.

"வேண்டாம், வேண்டாம். ஒண்ணும் பார்க்க வேண்டாம். நீங்களும் எங்க சர்வரைப் பார்க்க வர வேண்டாம். நமக்குள்ள நம்பிக்கைதானே முக்கியம்."

அங்கேயே கையெழுத்தானது. ஐந்து வருஷத்துக்கு முழு நிதி. முதல் முன்னுரிமை, இரண்டு மிஷின்களையும் ஒன்றோடொன்று தொடர்ந்து பேச வைப்பது. தொழிலாளிகளையும் பேச விடலாமா என்பது ஏழாவது வருஷத்தில் பரிசீலிக்கப்படும். ஈஸ்வரனுக்கு ஒப்பந்த நீட்டிப்பு. டிஜோ டீயைக்கூட முடிக்காமல் காரில் ஏறினார். மற்ற இருவரும் தட்டோடு பின்னால் ஓடினார்கள்.

ராஜசேகர் ஈஸ்வரனைக் கட்டிப்பிடித்தார். "பார்த்தியா, அவங்க மிஷினே நம்மை நம்பிடுச்சு. இதுக்குப் பேருதான் ஆராய்ச்சி."

ஈஸ்வரனுக்கு நிம்மதியாகவும் அசிங்கமாகவும் இருந்தது. சாந்தம்மாள் இருக்கும் ஏழாம் நம்பர் லயத்தில் நிஜமாகவே மூன்று நாளாகத் தண்ணீர் இல்லை என்பது அந்த மிஷினுக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நொடி தோன்றியது. கல்யாண ஞாபகத்தில் அது மறந்தும் போனது. அக்காவுக்கு முதல் தகவல் சொல்ல வேண்டும் என்று ஸ்டோர் ரூம் கதவைத் திறந்தான்.

சாந்தம்மாள் புத்தகக் கட்டின் மேல் சாய்ந்து உட்கார்ந்து, போனில் சாவகாசமாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, எல்லாம் முடிஞ்சுது. அந்தப் போனை வைங்க. இன்னும் யாருகிட்ட பேசிட்டிருக்கீங்க?"

சாந்தம்மாள் போனைக் கையால் பொத்திக்கொண்டாள். "செத்த இரு தம்பி, நம்ம ஏழாம் நம்பர் லயத்துப் பாண்டிதான், அந்த டாக்டருகிட்ட ரெண்டு வருஷமா மிஷினா இருக்கானாம், இப்பத்தான் சாப்பிட விட்டிருக்காக."