தலைத் தீபாவளியும் மாமனாரின் ஹைஸ்கோரும்

கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்ப்பவர்களிடம் இருப்பது ஒரே ஒரு வைத்தியம்தான். ஆஃப் பண்ணிவிட்டு ஆன் பண்ணுவது. நெற்றியைச் சுருக்குவது, கீபோர்டில் படபடவென்று தட்டுவது, ‘ம்ம்ம்…’ என்று இழுப்பது எல்லாம் வாங்குகிற சம்பளத்துக்காக. ராஜபாளையத்தில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் இத்தனை வருடமாக நான் குப்பை கொட்டுவது இந்த ஒற்றை வைத்தியத்தை நம்பித்தான். (மேனேஜர் இதையெல்லாம் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.) அதை ஒரே ஒரு முறை, யாருமே கேட்காமல், மாமனார் வீட்டில் செய்து காட்டினேன். அதுவும் தலைத் தீபாவளிக்குப் போன இடத்தில்.

என் மனைவி மகேஸ்வரிக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். பஸ்ஸில் ஏறி, டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்து நிமிர்வதற்குள் ஊர் வந்துவிடும். ஆனால் தலைத் தீபாவளிக்குப் போகிற மாப்பிள்ளையைப் பக்கத்து ஊர்க்காரன் என்று யாரும் நினைப்பதில்லை. ஏதோ கடல் கடந்து வந்தவனைப் போலத்தான் தாங்குகிறார்கள். தண்ணீர் குடித்த டம்ளரைக் கீழே வைக்க விட மாட்டார்கள். தும்மினால் மூன்று பேர் ஓடிவருவார்கள். எல்லாவற்றுக்கும் மேல், அந்த இரண்டு நாளும் மாப்பிள்ளையின் மனம் கோணும்படி யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அத்தை, அதாவது என் மாமியார், இதைச் சட்டமாகவே போட்டிருந்தார்.

அந்தச் சட்டம் முக்கியமாக மாமாவுக்காகப் போடப்பட்டது. மாமா பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் ஓர் அதட்டல் போட்டால் எங்கள் ஊர் நாய்கூட வாலைச் சுருட்டிக்கொள்ளும்.

இப்பேர்ப்பட்ட மாமாவுக்கு ஒரு ரகசியப் பழக்கம் இருந்தது. மகள்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது அவர்களுக்கென்று ஒரு டி.வி. கேம் வாங்கிவந்திருக்கிறார். கேசட்டைச் செருகி, வயரை டி.வி.யில் மாட்டி விளையாடுகிற பழைய பெட்டி. மேலேயிருந்து வருகிற விமானங்களைச் சுட்டுத் தள்ள வேண்டும். பிள்ளைகள் வளர்ந்து ஆட்டத்தை விட்டுவிட்டார்கள். மாமா விடவில்லை. கேசட்டைத் துணி சுற்றி அரிசி டின்னில் வைப்பாராம், ஈரம் ஏறாமல் இருக்க. ஜாய்ஸ்டிக் பட்டன் தேய்ந்தபோது மதுரை வரை போய் வேறு தேடி வாங்கிவந்தாராம்.

அப்படி ஆடி ஆடி, ஒரு நாள் ஸ்கோர் லட்சத்தைத் தாண்டிவிட்டது. சிக்கல் என்னவென்றால், அந்தக் காலத்துப் பெட்டிக்கு ஞாபகசக்தி கிடையாது. கரண்டு இருக்கிறவரைதான் ஸ்கோர் உள்ளே இருக்கும். கரண்டு போனால் எல்லாம் பூஜ்யம். அதனால் மாமா அந்தப் பெட்டியை அணைப்பதையே நிறுத்திவிட்டார். ஹால் மூலையில் இன்வெர்ட்டர் லைன் பிளக்கில் மாட்டி, மேலே ஒரு குட்டி ஃபேன் வைத்து, ஐ.சி.யு. நோயாளியைப் பார்ப்பதுபோல் மாதக்கணக்காகப் பார்த்துவந்தார்.

இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். பெண் பார்க்கப் போனபோதே அந்தப் பெட்டியைத் துண்டு போட்டு மூடிவிட்டார்களாம். ‘சம்பந்தி வீட்ல என்ன நினைப்பாக, மீசை வச்ச ஆளு விமானம் சுடுதாருன்னு’ என்பது அத்தையின் கவலை. தலைத் தீபாவளிக்குப் புதுத் துண்டாகப் போட்டு மூடியிருந்தார்கள்.

போன அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் சும்மா இருந்திருக்கலாம். மாமா இடுப்புப் பெல்ட்டிலிருந்து பர்ஸை எடுத்ததைப் பார்த்துவிட்டு வாயைத் திறந்தேன்.

“இன்னும் பர்ஸா மாமா? இப்ப எல்லாமே போன்தான். நான் ரூவா நோட்டைத் தொட்டு எம்புட்டு நாளாச்சு தெரியுமா?”

“கரண்டு இல்லேன்னா என்ன செய்விய மாப்ளே?”

“போன்ல பேட்டரி இருக்கே மாமா!” என்று சொல்லிச் சிரித்தேன். கிறுக்குப்பயல்! இன்று நினைத்தாலும் அந்தச் சிரிப்பை இழுத்துவைத்து அறைய வேண்டும்போல் இருக்கிறது.

மறுநாள் காலை, மில்லில் கொடுக்கப் பால்கோவா வாங்கலாம் என்று தனியாகக் கடைக்குப் போனேன். தீபாவளிக் கூட்டம். முட்டி மோதி முன்னால் போய், பொட்டலங்களைக் கட்டச் சொல்லி, போனை ஸ்டைலாக நீட்டினேன். ஸ்கேன் ஆனது. வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. அப்படியே போன் செத்துப்போனது. ராத்திரி முழுக்கப் பாட்டுக் கேட்டுவிட்டுச் சார்ஜ் போட மறந்திருக்கிறேன்.

“காசா குடுங்கண்ணே” என்றார் கடைக்காரர்.

என்னிடம் ஒரு பைசா இல்லை. பின்னால் நின்ற அம்மா, “வாங்குறதுன்னா வாங்கு, இல்லேன்னா நவுருப்பா” என்றார். கடைக்காரர் நல்ல மனிதர். “போயி சார்ஜ் போட்டுட்டு வாங்க. பால்கோவா எங்கயும் ஓடிராது” என்று பொட்டலங்களை ஓரமாக வைத்தார். கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சுட்டது. மாமாவிடம் போய்ப் பணம் கேட்பதைவிடத் தெப்பக்குளத்தில் விழலாம்.

வீட்டுக்கு ஓடினால் கரண்டு இல்லை. கிரைண்டர் பாதியில் நின்ற எரிச்சலில் அத்தை அடுப்படியிலிருந்து மின்சாரத்துறையை வாழ்த்திக்கொண்டிருந்தார். மாமா வீட்டில் இல்லை. எந்தப் பிளக்கிலும் உயிர் இல்லை. ஹால் மூலையில் மட்டும், ஒரு புதுத் துண்டுக்கு அடியில், சின்னதாக ஒரு சிவப்பு லைட் எரிந்தது.

துண்டைத் தூக்கிப் பார்த்தேன். அரதப்பழசான ஒரு பெட்டி. பழைய செட்டாப் பாக்ஸ் போலிருக்கிறது என்று முடிவு கட்டினேன். (கம்ப்யூட்டர் செக்‌ஷன்!) ‘பாவம், இந்த வீட்டில் யாருக்கும் டெக்னாலஜி தெரியவில்லை, வெட்டியாக இன்வெர்ட்டரைத் தின்றுகொண்டிருக்கிறது’ என்று பரிதாபப்பட்டபடி பிளக்கைப் பிடுங்கி என் சார்ஜரை மாட்டினேன். செத்த நேரத்தில் போன் கண் விழித்தது. சார்ஜரை அங்கேயே விட்டுவிட்டுக் கடைக்கு ஓடி, பணம் அனுப்பி, பால்கோவாவோடு ராஜநடை போட்டுத் திரும்பி வந்தேன்.

அதற்குள் கரண்டு வந்துவிட்டிருந்தது. மாமாவும் வந்திருந்தார், கூடவே சேத்தூரிலிருந்து அவருடைய பட்டாளத்துக் கூட்டாளியும். அந்தக் கூட்டாளி லட்சம் ஸ்கோரை நம்பவே மாட்டேன் என்று பல நாளாகச் சாதித்துவந்தவராம். ‘நேர்ல வந்து பாரும்வே’ என்று மாமா அழைத்து வந்திருக்கிறார். வீட்டு ஆட்கள் தவிர முதல் சாட்சி.

“மாப்ளையும் வாங்க. இனிமே ஒங்ககிட்ட என்ன மறைக்க?” என்று மாமா மீசையைத் தடவியபடி டி.வி.யைப் போட்டார். திரை நீலமாக நின்றது. துண்டை எடுத்தார். பெட்டி கறுத்துக் கிடந்தது. பிளக்கில் என் வெள்ளை சார்ஜர் பளபளவென்று தொங்கியது.

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். கொழுந்தியாள் வாணி வாயைப் பொத்தினாள். எனக்கு இன்னும் விஷயம் விளங்கவில்லை.

“ஓ, இதுவா! ஆன் பண்ணா எல்லாம் வந்துரும் மாமா” என்று நானே முன்வந்து பிளக்கை மாற்றி மாட்டினேன். ஆட்டம் வந்தது. மேலே ஹைஸ்கோர் என்ற இடத்தில் ஒரு முட்டை.

“லட்சம்னீரு?” என்றார் சேத்தூர்க்காரர்.

மாமாவின் முகம் சிவந்து, மீசை துடித்து, நெஞ்சு மேலே ஏறியது. ‘அவ்வளவுதான், தொலைந்தேன்’ என்று நினைத்தேன். அடுப்படி வாசலில் கரண்டியோடு வந்து நின்றார் அத்தை. “என்னங்க… மாப்ள!” என்றார். இரண்டே வார்த்தை.

மாமா ஏறிய மூச்சை அப்படியே விழுங்கினார். தொண்டையில் அது இறங்குவதை நான் கண்ணால் பார்த்தேன். பிறகு என் பக்கம் திரும்பி, “மாப்ளே… காப்பி குடிச்சியளா?” என்றார்.

அதோடு விட்டேனா? ஆறுதல் சொல்கிறேன் என்று, “இதே ஆட்டம் போன்லயே இருக்கு மாமா, இறக்கித் தாரேன். ஸ்கோர் அழியவே அழியாது” என்றேன்.

“பாத்திருக்கேன் மாப்ளே. அதுல செத்தா வெளம்பரம் காட்டுதான். பணம் அனுப்புனா திரும்ப உசுரு குடுக்கான். உசுர வெலைக்கு வாங்கி லட்சம் எடுத்து என்னத்துக்கு?” என்றார் மாமா. குரல் பஞ்சுபோல் இருந்தது.

அந்த மனிதர் திட்டியிருந்தால் தேவலை. அன்று முழுக்க “மாப்ளே, இன்னொரு முறுக்கு”, “மாப்ளே, ஃபேன் காத்து வருதா” என்று உபசரித்துக்கொண்டே இருந்தார். ஒவ்வொரு மாப்ளேவும் முள்ளாக இறங்கியது. தீபாவளி விடியலில் எனக்கு எண்ணெய் வைக்க அத்தை கிண்ணத்தோடு வந்தார். “நீ தள்ளு, மாப்ளைக்கு நான் தேச்சுவிடுதேன்” என்று மாமா வாங்கிக்கொண்டார். தேய்த்தார் பாருங்கள்! என் மண்டை கழுத்துக்குள் இறங்கிவிட்டது. “சொகமா இருக்கா மாப்ளே?” என்று வேறு கேட்டார். “ரொம்ப சொகம் மாமா” என்றேன், கண்ணில் நீரோடு.

அதன்பின் ஒரு வருடம் பொங்கல், காதுகுத்து, பங்குனித் திருவிழா என்று எத்தனை முறை போனாலும் அதே மரியாதை. அந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாமாவும் பழையபடி ஆடினார். ஸ்கோர் பாதிக்கு மேல் ஏறவில்லை.

அடுத்த தீபாவளி வந்தது. பையைத் தூக்கிக்கொண்டு கேட்டைத் திறக்கிறேன். வாசலில் நின்றார் மாமா.

“ஏலே!”

தெருவே திரும்பியது.

“கூறு கெட்ட பயலே! ஒரு பிளக்கப் புடுங்குமுன்னே அந்த வயரு எங்க போவுதுன்னு பாக்க மாட்டியாலே? கண்ணு என்ன பொடதிலயா இருந்துச்சு? நீ வேல பாத்தும் அந்த மில்லு இன்னும் எப்புடிலே ஓடுது? அந்தச் சேத்தூர்க்காரன் போற எடமெல்லாம் என்னைய ‘முட்டை ஹவில்தார்’ங்கான்!”

“அப்பா! ஒங்க மாப்ளயப் போயி…” என்று மகேஸ்வரி பதறினாள்.

“என்னட்டி மாப்ள? தலைத் தீவாளிதான் போன வருசமே முடிஞ்சு போச்சே!”

ஒரு வருடம் ஈரம் படாமல் சேர்த்துவைத்திருந்த வசவு அது. ஒரு சொல் கெடாமல் அப்படியே வந்தது. முழுதும் தீர்ந்ததும் மூச்சு வாங்கிக்கொண்டு, “உள்ள வாலே. இன்னொரு ஜாய்ஸ்டிக் இருக்கு, ரெண்டு பேருமா ஆடுவோம்” என்றார். சத்தியமாகச் சொல்கிறேன், கல்யாணப் பந்தியில்கூட நான் அன்றைக்குப் போல வயிறாரச் சாப்பிட்டதில்லை.

அன்று தொடங்கி அந்த வீட்டில் நான் ‘ஏலே’தான். மில்லில் யார் கூப்பிட்டாலும் ஆஃப் பண்ணச் சொல்லுமுன், “உள்ள ஏதும் சேத்து வச்சிருக்கியளா?” என்று கேட்கிற புத்தி வந்திருக்கிறது. லட்சம் மட்டும் இன்னும் வரவில்லை. வந்தால் முதலில் சேத்தூருக்குத்தான் போன் போக வேண்டும் என்பது மாமாவின் உத்தரவு.

ஒவ்வொரு தீபாவளிக்கும் அத்தை ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வருகிறார். பக்கத்தில் வாணி இன்னொரு தட்டோடு நிற்கிறாள். “அத்தான், சார்ஜர்” என்று அதை நீட்டுகிறாள். சார்ஜரைத் தட்டில் வைத்த பிறகுதான் ஆரத்தி.