காற்றைத் தடுத்த கண்ணாடி

பல் டாக்டர் அந்த ஞாயிற்றுக்கிழமை விழுங்கிய வண்டு, அவர் கணக்குப்படி ஒரு கோழிக்குஞ்சு அளவு இருந்தது. க்ரூசர் பைக்கை ஓரங்கட்டி அவர் இருமிய இருமலில் சாலையோர மரத்துப் பறவைகள் நிரந்தரமாகக் குடிபெயர்ந்தன.

"ஓட்டும்போதாவது வாயை மூடிக்கலாமில்ல?" என்றாள் பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, அவர் முதுகைத் தட்டிக்கொண்டே.

"முக்கியமான கட்டத்துல இருந்தேன். அந்தக் கடைவாய்ப் பல்லோட மூணாவது வேர் எங்க ஒளிஞ்சிருந்துச்சுன்னு உனக்குத் தெரிய வேணாமா?"

"ஆமா ஆமா," என்றாள்.

டாக்டருக்குப் பேச்சுதான் பிராணவாயு. கிளினிக்கில் நோயாளியின் வாயில் பஞ்சையும் குழாயையும் திணித்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். இதுவரை ஒருவரும் குறுக்கே பேசியதில்லை. தன்னைப் போலச் சுவையாகப் பேசுகிற ஆள் பூமியில் இல்லை என்ற முடிவுக்கு அவர் வந்தது அப்படித்தான்.

மனைவிக்கு ஒரு டெலிபோன் கம்பெனியின் புகார்ப் பிரிவில் வேலை. வாரம் முழுக்க ஊரார் திட்டையெல்லாம் காதில் வாங்கிக்கொள்கிறவள், ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏறியதும் பூவாய் மலர்ந்துவிடுவாள். இருவரும் சேர்ந்து இருக்கக் கிடைத்தது அந்த ஒரு சவாரிதான். அதற்குப் போயும் போயும் ஒரு வண்டால் பங்கம் வரலாமா? மறுநாளே டாக்டர் உதிரிபாகக் கடையில் நின்றார்.

"காத்தைத் தடுக்கிற விண்ட்ஷீல்டு கண்ணாடியில குட்டை இருக்கு, நெட்டை இருக்கு டாக்டர்," என்றார் கடைக்காரர். "எல்லாமே கழட்டி மாட்டுற டைப். இந்த ரெண்டு கொக்கியைத் தட்டினாப் போதும், கையோட வந்துடும்."

டாக்டர் குட்டையை வாங்கினார். அது கழுத்துவரை காபந்து பண்ணியது. அங்கே வழி கிடைக்காத காற்றெல்லாம் கூட்டம் சேர்ந்து அவர் நெற்றியில் வந்து முட்டியது. பின்சீட்டிலோ பாதி தூரத்திலேயே, "தலை லேசா வலிக்குதுங்க, திரும்பிடலாமா?" என்று குரல் கேட்டது. இத்தனை வருஷத்தில் அவள் அப்படிச் சொன்னதே இல்லை.

அடுத்த ஞாயிறு பார்த்தால் பைக்கின் முகப்பு மொட்டையாக நின்றது.

"திருட்டுப் பய. வண்டியை விட்டுட்டு இதை மட்டுமா எடுப்பான்?" டாக்டர் குதித்த குதியில் ஷெட்டுக் கூரை ஆடியது.

"யாரோ பாவம், என்ன அவசரமோ. இன்னைக்கு இப்படியே போலாம், வாங்க."

போனார்கள். இன்னும் கொஞ்ச தூரம், இன்னும் கொஞ்ச தூரம் என்று அவளே கேட்டாள். ஆனால் இறங்கும்போது அவள் கண்கள் கலங்கியிருந்ததை டாக்டர் பார்த்துவிட்டார். அத்தனையும் காற்றின் வேலை. அவர் மனசு தாங்கவில்லை. மறுநாளே கடைக்காரர் முன்னால் நின்றார்.

"நெட்டை குடுங்க. ஒரு பொட்டுக் காத்து உள்ள வரக்கூடாது."

"மேல் விளிம்பு மூக்கு உயரத்துக்கு வந்தாப் போதும் டாக்டர். அதுக்கு மேல போனா..."

டாக்டர் புருவத்துக்கு மேலே போவதைத்தான் எடுத்தார். கிளினிக்கில் எல்லாரிடமும் காட்டிப் பெருமையடித்ததில் அது கைநழுவி விழுந்து மூலையில் ஒரு சில்லு பெயர்ந்தது. அதற்கெல்லாம் அசருகிறவரா? பல்லை அடைக்கிற பசையை வைத்து, நீல விளக்கைக் காட்டி இறுக்கி, பளபளவென்று தேய்த்தும் விட்டார். மூலையில் அரிசிப்பல் ஒன்று முளைத்தாற்போல் அழகாக அமைந்துவிட்டது.

அந்த வாரம் பைக்கில் ஒரு மெழுகுவத்தியை ஏற்றி வைத்திருந்தால் சுடர் ஆடியிருக்காது. அந்த நிசப்தத்தில் டாக்டர் கடைவாய்ப் பல் கதையை முதல் வேரிலிருந்து ஆரம்பித்தார். இரண்டாவது வேர் முடிவதற்குள் மனைவி சிக்னலில் இறங்கிக்கொண்டாள்.

"நீங்க போங்க. நான் பஸ்ல வந்துடறேன்."

டாக்டர் கலங்கிப்போனார். எங்கோ ஓர் ஓட்டை வழியாகக் காற்று அவளைப் பதம் பார்க்கிறது என்று நினைத்து, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கண்ணாடிச் சிறகுகளும் வாங்கி மாட்டினார். அடுத்த ஞாயிறு அவள் வாசலைத் தாண்டவே இல்லை.

"முழங்கால் வலிங்க."

அதற்கடுத்த வாரம் சிறகோடு சேர்த்து நெட்டையும் மாயம். இத்தனைக்கும் ஷெட்டில் பெரிய பூட்டு தொங்கியது. ஒரு சாவி அவரிடம், இன்னொன்று மனைவியிடம். பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை.

"கில்லாடித் திருடன்," என்று டாக்டரே வியந்தார்.

மறுபடி கடைக்கு ஓடினார். கடைக்காரர் முகம் மலர்ந்தது.

"புதுசே வேணாம் டாக்டர். உங்க வண்டிக்குன்னே செஞ்ச மாதிரி ஒண்ணு வந்திருக்கு, லேசா ஓடினது. சிறகும் சேர்த்து."

டாக்டர் அதன் மூலையைத் தடவினார். விரலில் அரிசிப்பல் தட்டுப்பட்டது. எட்டிக் கடைக்காரர் சட்டையைப் பிடித்தார்.

"திருட்டுச் சாமானா வாங்கறே? எவன் கொண்டாந்து குடுத்தான், சொல்லு."

"ஐயோ, திருட்டு இல்ல டாக்டர். நல்ல குடும்பத்து அக்கா. முன்னாடி ஒரு குட்டையையும் அவங்கதான் கொண்டாந்தாங்க, காசு குடுத்தாலும் வேணாம்னுட்டாங்க. 'காத்து மட்டும் காதுல நல்லா அடிக்கட்டும் தம்பி, எங்க வீட்டுக்காரர் பேசிக்கிட்டே ஓட்டினாலும் நான் உலகத்தையே சுத்தி வருவேன்'னு சொல்லிட்டுப் போனாங்க."