முதல் கீறல் விழும் வரை

இந்த வீட்டில் ஒரே ஒரு ஸ்டியரிங்காவது என் கையில் இருக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன். குடும்பத்தின் ஸ்டியரிங் கல்யாணமான மறுநாளே கை மாறிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை, வண்டி நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சொல்வது நிஜமான ஸ்டியரிங். நாங்கள் பதிவு செய்திருந்த புதுக் காரின் ஸ்டியரிங்.

பழைய காரை என் மனைவிதான் ஓட்டினாள். நான் பக்கத்து சீட்டு. அங்கேயும் சும்மா இருந்துவிட முடியாது. அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து "வரலாம், வரலாம்" என்று கத்த வேண்டும். அவள் பிரேக் போடும்போதெல்லாம் நானும் காலை அழுத்திக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு தடவை நான் ஓட்டியிருக்கிறேன். அன்றைக்குத்தான் எங்கள் வீட்டு ஒற்றைக் கதவு கேட், இரட்டைக் கதவு கேட் ஆனது.

அவள் சந்தோஷமாக இருந்த நேரமாகப் பார்த்துப் பேச்சை எடுத்தேன்.

"புது வண்டியை நான்தான் ஓட்டுவேன்."

"சரி."

இவ்வளவு சீக்கிரம் அவள் எதற்கும் சரி சொன்னதில்லை.

"சரின்னா?"

"சரின்னா சரிதாங்க. நீங்களே ஓட்டுங்க. ஆனா முதல் கீறல் விழுற வரைக்கும்தான். விழுந்த அன்னைக்கு சாவி என்கிட்ட வந்துடணும்."

"விழுந்தாத்தானே?"

"அதைத்தான் நானும் சொல்றேன், விழுந்தாத்தான்."

விடிந்தால் வண்டியை எடுக்க வேண்டும். முந்தின நாள் சாயங்காலம் ஆபீஸில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு யோசனை உதித்தது. என் யோசனைகள் எல்லாம் ஆபீஸில்தான் உதிக்கும். வீட்டில் அதற்கு அனுமதி இல்லை. நாளைக்கு ஷோரூம் வாசலில் நான் வண்டியைக் கிளப்பும்போது, ஒரு குலுக்கல் இல்லாமல், ஒரு திணறல் இல்லாமல் அது வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பக்கத்து சீட்டில் அவள் வாயடைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். இதற்கு ஒத்திகை வேண்டாமா?

நேராக ஷோரூமுக்குப் போனேன். எங்களுக்கு வண்டி விற்ற சேல்ஸ்மேன் எந்த வெயிலிலும் கழுத்திலிருந்து டையைக் கழற்றாத மனிதர். எங்கள் வீட்டில் அவருக்கு டைக்காரர் என்றே பெயர்.

"வாங்க சார், உங்களைத்தான் எதிர்பார்த்துட்டிருந்தோம்" என்றார்.

இந்த மரியாதை எனக்குப் பழக்கமில்லை. நெஞ்சு கொஞ்சம் விரிந்தது.

"வண்டியைக் கொஞ்சம் நகர்த்திப் பாக்கலாமா? சும்மா, இந்த வளாகத்துக்குள்ளயே."

"தாராளமா சார்!"

பின்பக்கம் எங்கள் வெள்ளைக் கார் நின்றது. நம்பர் பலகை மேல் ஒரு துணி போட்டுக் கட்டியிருந்தார்கள். தூசி படாமல் இருக்க என்றார். சீட்டில் பிளாஸ்டிக் உறையைக் காணவில்லை. "உங்களுக்காகவே எடுத்துட்டோம் சார்" என்றார். என்ன உபசரிப்பு!

முன்னால் போனேன், அற்புதமாகப் போனது. நின்றேன், நின்றது. பின்னால் எடுத்தேன். வண்டி 'கீக் கீக்' என்று கத்தியது. புது வண்டி, குஷியில் கத்துகிறது என்று நினைத்துக்கொண்டேன். 'கீக் கீக்' வேகமானது. எனக்கும் உற்சாகம் பிறந்து இன்னும் கொஞ்சம் அழுத்தினேன்.

'கர்ர்ரக்!'

இறங்கிப் பார்த்தேன். சிமென்ட் தூணுக்கு ஒன்றும் ஆகவில்லை. பின்கதவில் மட்டும் என் முழங்கை நீளத்துக்கு ஒரு கோடு. வீட்டுக்குப் போகும் முன்பே வண்டி என் கையை விட்டுப் போயிற்று. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"டச்சப் பண்ணிக் குடுத்துடலாம் சார்" என்று டைக்காரர் தேற்றினார். "ஆனா ரெண்டு நாள் ஆகும்."

"ஐயோ, விடிஞ்சா என் வீட்டுக்காரி வந்து நிப்பாளே!"

"மேடம்கிட்ட என்ன சார் சொல்றது?"

"லாரியிலேருந்து இறக்கும்போது பட்டுடுச்சுன்னு சொல்லுங்க. உங்க ஆளு யாரோ இறக்கினான், இடிச்சுட்டான், அவ்வளவுதான். பெயின்ட் செலவு முழுக்க என்னோடது."

"நீங்க சொன்னா சரி சார்."

கையெடுத்துக் கும்பிடாத குறைதான். இவ்வளவு நல்லவரை டைக்காரர் என்று கிண்டல் செய்தோமே என்று நொந்துகொண்டேன்.

வீட்டுக்குள் நுழையும்போதே செருப்பை உதறி எறிந்தேன். கோபம் நிஜமாகத் தெரிய வேண்டுமே. அவள் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அநியாயம்! நம்ம வண்டியில கீறல் போட்டுட்டானுங்க!"

"அடடா. யாரு?"

"ஷோரூம் ஆளுங்கதான். லாரியிலேருந்து இறக்கறப்ப இடிச்சிருக்கான் ஒருத்தன்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"போன் வந்துச்சு."

"உங்களுக்கா?"

"பின்ன? வண்டி ஓட்டப்போறவன் நான்தானே?"

அவள் என் சட்டையை மடித்து, ஒரு முறை தடவி, அடுக்கின் மேல் வைத்தாள். "இது நம்ம கைக்கு வர்றதுக்கு முன்னாடி விழுந்த கீறல். உங்க கணக்குல வராது. கவலைப்படாம சாப்பிட வாங்க."

அப்பாடா! அன்று இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் ஷோரூமில் மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றார். பக்கத்தில் டைக்காரர் தரையைப் பார்த்தபடி நின்றார். சொன்ன சொல் தவறாமல், "இறக்கும்போது சின்னதா ஒரு உரசல் மேடம்" என்றார். மனைவி பக்கத்தில் இருக்க, தப்பு இன்னொருவன் தலையில் இருக்க, எனக்கு வீரம் பொங்கியது. மேசையைத் தட்டினேன்.

"சின்னதா? யாருய்யா அவன்? கூப்பிடுங்க அவனை!"

மேனேஜர் மின்விசிறியைப் பார்த்தார்.

"விடுங்களேன், பாவம்" என்றாள் என் மனைவி. "வேணும்னேவா இடிச்சிருப்பாரு? யாருக்கும் கை தவறும். மன்னிச்சுடலாம்."

இதோடு நான் வாயை மூடியிருக்க வேண்டும். மூடினேனா?

"மன்னிப்பா? பின்னால கண்ணு தெரியாத பயலுக்கு மன்னிப்பு என்ன வேண்டிக்கிடக்கு? இவனை மாதிரி ஆளுக்கெல்லாம் ஸ்டியரிங்கைக் கண்ணாலகூடக் காட்டக் கூடாது!"

"கொஞ்ச நாளைக்கா?"

"ஆயுசுக்கும்!"

"யோசிச்சுச் சொல்லுங்க. அவருக்கும் ஆசைன்னு ஒண்ணு இருக்கும் இல்ல?"

"ஆசை இருந்தா அவன் பக்கத்து சீட்டுல உக்காந்து வேடிக்கை பாக்கட்டும்!"

"சார் சொன்னதைக் கேட்டீங்கதானே?" என்று மேனேஜரிடம் கேட்டாள். கேட்டேன் என்று அவர் தலையாட்டினார். "சரி, வண்டியைக் கொண்டு வாங்க."

வண்டி வந்தது. சுற்றி வந்து பின்கதவைப் பார்த்தேன். கீறல் இல்லை. தடவிப் பார்த்தேன். மறுபக்கக் கதவையும் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. சீட்டில் பிளாஸ்டிக் உறை பளபளத்தது.

"எங்கே கீறல்?" என்றேன் ஈனஸ்வரத்தில்.

"அது டெஸ்ட் டிரைவ் வண்டியில இருக்கு சார்" என்றார் டைக்காரர், டையிடம் சொல்வதுபோல. "இதே மாடல், இதே கலர். மேடம் நேத்து மத்தியானமே போன் பண்ணிச் சொல்லிட்டாங்க. 'சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் ஒத்திகை பாக்க வருவாரு. எங்க வண்டியைக் குடுத்துடாதீங்க. அவர் என்ன சொல்லச் சொன்னாலும் அப்படியே சொல்லுங்க'ன்னு."

எனக்கே அந்த யோசனை சாயங்காலம்தான் உதித்தது! ஆனாலும் வக்கீல் மூளை ஒன்று உள்ளே விழித்துக்கொண்டது.

"அப்போ நம்ம வண்டியில கீறலே விழல!"

"விழல."

"அப்போ ஒப்பந்தப்படி சாவி எனக்குத்தான்!"

"உங்களுக்குத்தாங்க" என்று சாவியை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவளே மடக்கிவிட்டாள். "நான் வாக்கு மாற மாட்டேன். நீங்களும் மாற மாட்டீங்க."

மேனேஜர் என்னைப் பார்த்தார். டைக்காரர் என்னைப் பார்த்தார். நானே சொன்ன 'ஆயுசுக்கும்' இன்னும் அந்த அறைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

சாவியை அவளிடம் நீட்டினேன். அவள் கைப்பையை என்னிடம் நீட்டினாள்.

வண்டியைச் சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தேன். இருந்த ஆத்திரத்தை எல்லாம் சேர்த்துக் கதவைப் படாரென்று சாத்தினேன்.

"மெதுவாங்க" என்றாள். "புது வண்டி."